வழிவிட்டவன்

"பாருடி, இன்னிக்கும் அந்த மகராசன்தான் பந்தைத் தூக்கிட்டு ஓடப் போறான்!"

தங்கை ரோஸெட்டா என் கையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாக்கா. சுத்தி எல்லாரும் அவன் பேர் போட்ட சட்டைதான் மாட்டியிருக்காங்க."

"மாட்டட்டும்! எனக்கென்ன பயம்?"

வயிறு எரியாதா பின்னே? ஒன்பது வருஷமாக எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஜமாரியன் பந்தோடு ஓடுகிறான் என்றால், முன்னால் போய் எதிராளிகளை முட்டித் தள்ளி வழி பண்ணிக் கொடுப்பது என் புருஷன் ஆர்லோ. தோள்பட்டை பிசகியது இவருக்கு. பத்திரிகையில் படம் வந்தது அவனுக்கு.

இன்று ஆர்லோவுக்குக் கடைசி ஆட்டம். இத்தனை வருஷத்தில் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன்கூட அவர் போட்டதில்லை.

ஆட்டம் எங்கள் கைக்கு வந்தாகிவிட்டது. எல்லைக் கோட்டுக்கு இன்னும் ஒரே கஜம்.

"இதைப் போட்டா ஜமாரியனுக்குப் புதுச் சாதனையாம். அவனுக்கும் முப்பத்திரண்டு ஆச்சு. அடுத்த வருஷம் எடுப்பாங்களோ, மாட்டாங்களோ," என்றாள் ரோஸெட்டா.

"அதுக்கு என் புருஷன் முதுகுதான் கிடைச்சுதா? ஒரு நாள் விட்டுக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவான்?"

அப்போதுதான் ஜமாரியன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்து நொண்டி நொண்டி வெளியே போனான்.

சாதனையைப் பார்க்க வந்த கூட்டம் கொதித்தது. "கோழை! ஒரு கஜம் ஓட முடியலையா?" என்று பின்வரிசைக்காரர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

நானும் எழுந்து நின்று கத்தினேன். "நடிக்காதடா! என் புருஷனோட கடைசி நாள்லகூட டிவியில உன் மூஞ்சிதான் தெரியணும், அதானே?"

அவன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"சிரிக்கிறான் பாருடி, வெட்கங்கெட்டவன்!"

ஜமாரியனுக்கு மாற்று ஆள் ஏற்கெனவே காயத்தில் கிடந்தான். பயிற்சியாளருக்கு வேறு வழியில்லை. பந்தை ஆர்லோவிடம் கொடுக்கச் சொன்னார்.

தலையைக் குனிந்துகொண்டு முட்டினார் என் மனுஷன். ஆட்கள் குவியலாகச் சரிந்தார்கள். அடியிலிருந்து அவர் எழுந்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். பந்து மார்போடு இருந்தது.

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"நல்லவேளை, அந்தப் பாவிக்குக் கால் சுளுக்கிச்சு. இல்லேன்னா இதையும் பிடுங்கியிருப்பான்!"

ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள்.

"அக்கா, கண்ணைத் துடைச்சுட்டு அங்கே பாரு," என்றாள் ரோஸெட்டா.

நொண்டிக்கொண்டு போன ஜமாரியன், நூற்றுப்பத்துக் கிலோ என் புருஷனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.