தையில வா

ஏரிக்கரைத் தூண்டில் கடையை மூடிவிட்டார்கள் என்று ஆமையக்கா வந்து சொன்னதும் விரால் அம்மாவுக்குத் தலைவால் புரியாத சந்தோஷம். "இனிமே நமக்குத் தூண்டில் பயமே இல்ல! மேலே போய் ஆசை தீர விளையாடுங்கடா" என்று, விரல் நீளம்கூட வளராத குஞ்சுகளை முதல்முறையாகத் தனியே அனுப்பிவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆமையக்கா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "அடியே, கரையில நாலு பேர் உட்கார்ந்திருக்கானுங்க. எல்லார் கையிலயும் குஞ்சு பிடிக்கிற பொடித் தூண்டில் முள்ளு!"

விரால் அவள் பக்கம் திரும்பினாள். "கடையே இல்லையேக்கா! முள்ளு எங்கேருந்து வந்துச்சு?"

"ஃபோன்ல சொன்னா வீட்டுக்கே வருதாம்."

"ஐப்பசி மழையிலயா? பொடி முள்ளா?"

"அந்தக் கடைக்காரர்னா, 'குஞ்சு திரியிற நேரம், பொடி முள்ளு தரமாட்டேன், தையில வா'ன்னு விரட்டி அடிச்சிருப்பார். அவரைப் போய் நாம தினமும் திட்டினோம். ஃபோனுக்கு ஐப்பசி என்ன, தை என்னடி?"

விரால் மேலே பாய்ந்தாள். "வாங்கடா! அம்மாகிட்ட வந்துடுங்கடா!"

குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கிய ஏதோ ஒரு மினுமினுப்பைச் சுற்றி நின்று, யார் முதலில் கடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.