மு.ப., இ.ப.

மு.ப. என்றால் முதல் பக்கம், இ.ப. என்றால் இரண்டாம் பக்கம், அவ்வளவுதான் என்றார் இசைத்தட்டு நூலகத்தின் பொறுப்பாளர்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எட்டு மாதமாக நாங்கள் தேடி அலைந்த பாடகி ஒரே வரியில் இல்லாமல் போனாள்.

மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். சாவதற்கு முதல் நாள் பீரோவிலிருந்து இந்த இசைத்தட்டை என்னை எடுக்கச் சொல்லி, இனி இது உன்னுடையது, முடிந்தால் அவளிடம் கொடுத்துவிடு என்றார். எவளிடம் என்று கேட்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரு பெண் பாடுகிறாள். வாத்தியம் கிடையாது. ஆளை அப்படியே உட்கார வைக்கிற குரல்.

பெயர் எதுவும் அச்சிடவில்லை. நடுவில் ஒட்டிய தாளில் ஒரு பக்கம் மு.ப. என்றும், மறுபக்கம் இ.ப. என்றும் பென்சில் எழுத்து.

குரல் ஒன்று, இனிஷியல் மட்டும் இரண்டு. மூளையைக் கசக்கித் தம்பிதான் அதற்கும் வழி கண்டுபிடித்தான். மு அவளுடைய அப்பாவின் எழுத்து, இ புருஷனின் எழுத்து. தட்டைத் திருப்பிப் போடுவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பாவம் மாமா. அவருக்காக நாங்கள் ஒரு பாட்டம் அழுதோம்.

ப என்பது பவளமா பத்மாவா என்று எங்களுக்குள் சண்டை. அம்மா பவளத்தின் பக்கம். மாப்பிள்ளை நல்ல சம்பளக்காரனாக இருந்திருப்பான் என்று வேறு சேர்த்துச் சொன்னாள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரண்டு பவளங்களை நேரிலேயே பார்த்தோம். ஒருவர் கணக்கு டீச்சர். இன்னொருவர், அது நானில்லை, வேண்டுமானால் இப்போது பாடுகிறேன் என்றார். பாடவும் செய்தார்.

சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குரலைப் பற்றித்தான் பேச்சு. இப்படிப் பாடுகிறவள் எப்படி நிறுத்தினாள் என்று தம்பி ஆற்றாமையோடு கேட்பான். அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

இப்போது நூலகத்தில் எல்லாரும் சிரித்தோம். பொறுப்பாளர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடவே வந்திருந்த அம்மாவுக்குத்தான் அடங்கவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

வந்ததற்கு ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று பொறுப்பாளர் இரண்டாம் பக்கத்தைப் போட்டார். எங்கள் வீட்டு மெஷினில் பாட்டு முடியும் இடத்தில் முள் தாவிவிடும், உடனே தூக்கிவிடுவோம். இங்கே தாவவில்லை. பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடியது.

பிறகு அதே குரல் பேசியது.

“நல்லா வந்துச்சாடா தம்பி? இல்ல இன்னொரு தடவை பாடட்டா?”

“நல்லாத்தான் வந்துச்சும்மா,” என்றான் என் தம்பி.

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அம்மா வாயைத் திறக்கவே இல்லை.

மாமா அவளுக்குத் தம்பி. மகனையும் அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். எந்தக் காலத்திலோ மாமாவிடம் கேட்ட கேள்விக்கு இவன் பதில் சொல்லிவிட்டான்.

பொறுப்பாளர் தட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, அம்மாவைக் காட்டினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு பாட்டுப் பாடேன் என்று ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.

எட்டு மாதமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தம்பி கேட்டான்.

அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

“சொன்னா தேடறத நிறுத்திடுவீங்களே. இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருந்துச்சு.”