ஆறாவது படம்

பஸ் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் 'திருடர்கள் ஜாக்கிரதை' பலகையில் ஆறாவது படம் சிகாமணியுடையது. தண்டனை முடிந்து வந்து அவன் எந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும், முதலாளி என்றாவது ஒருநாள் பஸ் ஏற வருவார். மறுநாள் வேலை இருக்காது. படத்தைக் கழற்றச் சொல்லி ஏட்டு தனபாலிடம் போய் நின்றான்.

"கழட்டுனா அந்த இடம் காலியா கிடக்கும்யா. புதுசா எவனாவது சிக்கட்டும், பார்க்கலாம்."

சிகாமணி அந்தப் பலகைக்கு நேர் கீழேயே வெள்ளரிக்காய்த் தள்ளுவண்டி போட்டான். படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தவர்களிடம், "நானேதான். மிளகாய்த்தூள் தூக்கலா போடட்டுமா?" என்று கேட்டான். பாதிப் பேர் விலகிப் போனார்கள். மீதிப் பேர் வாங்கித் தின்றார்கள்.

ஒருநாள் மதியம் ஒரு பெரியவரின் பர்ஸ் காணாமல் போனது. தனபால் வேறெங்கும் தேடவில்லை. நேராக வந்து சிகாமணியின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்தார். வண்டி சாய்ந்து வெள்ளரிக்காய்கள் உருண்டோடின. கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயோ, என் செயினு!" என்று கூட்டத்துக்குள் ஒரு பெண் அலறினாள்.

தனபாலின் பிடி தளர்ந்தது. சிகாமணி கைகளை உருவிக்கொள்ளவில்லை. இன்னும் பின்னால் தள்ளிக் கொடுத்தான்.

"விட்றாதீங்க ஏட்டையா, கெட்டியாப் பிடிங்க" என்றான், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி. "அடுத்து யாரோட பொருள் போகுதுன்னு பார்ப்போம்."