பாட்டுக்குத் தீர்ப்பு

டெம்யானுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். ரஷ்யாவின் பெர்ம் நகரமே அறிந்த ராக் பாடகன் அவன். போரை எதிர்த்து அவன் எழுதிய பாட்டுக்கு இன்று தீர்ப்பு.

மனைவி ரிம்மா சோப்பு, தேயிலை, கம்பளிக் காலுறை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு ஜோடி வை. சிறையில குளிரு எலும்பைத் துளைக்குமாம்."

"நாலு ஜோடி வச்சாச்சு. நீ கொஞ்சம் உட்காரேன், எனக்குத் தலை சுத்துது."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, ரிம்மா. எல்லை தாண்டிடலாம்."

"ஓடிப்போனா அந்தப் பாட்டே பொய்யாயிடும்."

நீதிமன்ற வாசலில் காவலர் அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க பாடகரே, உள்ளே காத்திருக்காங்க. அம்மா, நீங்க வெளியிலேயே நில்லுங்க. வழக்குல இல்லாதவங்களுக்கு அனுமதி இல்லை."

ரிம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆளை மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்க. எழுதினது மட்டும்தான் இவரு. இனிமே பாடமாட்டேன்னு போன வருஷமே உங்ககிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு. சதுக்கத்துல நின்னு பாடினது நான்."

அவள் உள்ளே போனதும் கதவு மூடியது. டெம்யான் படிக்கட்டில் தலைகுனிந்து நின்றான். பிறகு, காவலர் தடுக்கத் தடுக்க, அந்தப் பாட்டை உரக்கப் பாடத் தொடங்கினான்.