படித்துக் காட்டச் சொன்னவள்

காலை வெயில் சன்னல் கம்பிகளைப் பிரசவ வார்டின் கட்டில்கள்மேல் கோடுகளாகப் போடுகிறது. சுவரில் 1996 மார்ச் காலண்டர் படபடக்கிறது. அடுகோடி கார்மென்ட்ஸில் பட்டன் தைக்கும் தனபாக்கியத்துக்கு இன்னும் அரை மணியில் சிசேரியன். நர்ஸ் ஆபரேஷனுக்கான சம்மதத் தாளையும் மை டப்பாவையும் நீட்டுகிறாள். “கட்டைவிரல் வைம்மா. எல்லாரும் வெக்கிறதுதான்.” தனபாக்கியம் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள். “எனக்குப் படிக்க வராது. என்னா எழுதியிருக்குன்னு சொல்லுங்க, அப்பறம் வெக்கிறேன்.” டாக்டர் மமதா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னட எழுத்தில் விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்கிறார். நான்காவது வரியில் அவர் குரல் தயங்குகிறது. “கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்றதா எழுதியிருக்கும்மா.” “அத நான் கேக்கவேயில்லையே மேடம். வேணாம்.” நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். டாக்டர் பேனாவைத் திறந்து அந்த வரியை அழுத்தி அடிக்கிறார், பக்கத்தில் கையெழுத்தும் போடுகிறார். தனபாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் பதிக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி, “நந்தூ ஓதி மேடம்” என்று கன்னடத்தில் தன் தாளையும் படிக்கச் சொல்லி நீட்டுகிறாள். அதற்கடுத்த கட்டிலிலும் ஒரு கை உயர்கிறது.