கோணல் உடம்பில் இல்லை

பின்பக்கத்தில் வாஷிங் மெஷின் பீப் பீப் என்று உயிரை வாங்கியது. அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டில் பேங்க் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அது, பெண்களுக்கான அந்தரங்கச் சாதனங்கள் விற்கும் கம்பெனி. வாங்கியவர்களின் சந்தேகங்களுக்கு சாட்டில் பதில் எழுத வேண்டும்.

பெயர் போடாத ஒரு வாடிக்கையாளர் வந்தார்.

"உங்க வைப்ரேட்டர் ஒரு பக்கமா எலும்புல இடிக்குது. என் உடம்புதான் கோணலோ?"

"உங்க உடம்புல ஒரு குறையும் இல்ல மேடம். ஒவ்வொருத்தருக்கும் அமைப்பு வேற. வைப்ரேட்டரோட கழுத்து வளையும். கையால மெதுவா வளைச்சு, உங்களுக்கு எது சுகமோ அந்த வாட்டத்துக்குக் கொண்டு வாங்க. ஜெல் தாராளமா போடுங்க. வலிச்சா உடனே நிறுத்திடுங்க."

"அட, அது வளையுமா! இத்தனை நாளா நான்ல அதுக்காக நெளிஞ்சிட்டிருந்தேன்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வாடிக்கையாளரின் அடுத்த வரி திரையில் வந்தது.

"ஒரு நிமிஷம்மா, மெஷின் கத்துது. நிறுத்திட்டு வர்றேன்."

பின்பக்கத்தில் பீப் சத்தம் நின்றது. அவள் சிரிப்பும் நின்றது. மாமியாரின் செருப்புச் சத்தம் கதவைக் கடந்து ஹாலுக்குப் போனது.

"வந்துட்டேன். இப்பவே வளைச்சுப் பார்க்க ஆசைதான். மருமக வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறாளே, என்ன பண்றது?"

அவள் லேப்டாப்பை மூடிக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"அத்தை, பேங்க்ல அவசர மீட்டிங். வர சாயங்காலம் ஆகும்."

போனை மடியில் கவிழ்த்த மாமியாரின் முகம் மலர்ந்தது.

"ஒண்ணும் அவசரமில்லம்மா, நிதானமா வா!"