தனபாலனுக்கு ஒரு புது கேசட்

பத்தாங் பெர்ஜுந்தாயில் கேசட் கடை வைத்திருந்த மீரா முகைதீனுக்கு அன்று பொறுமை போய்விட்டது.

"இதுவும் உங்க அண்ணனுக்குப் பிடிக்கலயா, தங்கச்சி?"

"ஒன்னுமே சொல்லல, பாய்" என்றாள் அமராவதி. "வேற புதுசா ராக் கேசட் வந்திருக்கா?"

அவள் அண்ணன் தனபாலனுக்கு, பெரிய கம்பெனிகள் தொடாத ராக் குழுக்களைத் தேடிப் பிடிப்பதில் பைத்தியம். யாரும் கேள்விப்படாத புதுப் பாட்டு கிடைத்தால் கடையிலேயே குதிப்பான். இப்போதெல்லாம் தங்கைதான் வருகிறாள். முகைதீன் கோலாலம்பூரில் அலைந்து வாங்கி வந்து கொடுத்தாலும் அவனிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை இல்லை.

"தொரைக்கு இங்க வர முடியாதா லா? நானே வந்து கேக்குறேன்."

புதிதாக வந்த கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டார்.

எஸ்டேட் லயத்து வீட்டில் தனபாலன் கண்மூடிக் கிடந்தான். மூக்கில் குழாய் செருகியிருந்தது.

"லோரி மோதுனதிலேருந்து நினைவே இல்ல, பாய். பிடிச்ச பாட்டப் போட்டுப் பாருங்கன்னு டாக்டர் சொன்னாரு. பழசெல்லாம் போட்டாச்சு. புதுசுன்னா அண்ணன் துள்ளுவாரே, அதான்..."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"இனிமே எந்திரிக்க மாட்டாருன்னு நீங்களும் சொல்லிடுவீங்களோன்னு பயம்."

முகைதீன் கேசட்டைப் போட்டார். கிட்டார் அலறியது. தனபாலனின் விரல்கூட அசையவில்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் அமராவதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த பக்கந்தாம்மா ரொம்ப நல்லாருக்கும்" என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அந்தப் பக்கத்தை அவர் கேட்டதேயில்லை.